பிறர் பணத்தைக் காப்பவரின் இலாபக் கணக்கு

(மேல்நிலை வகுப்பு வணிகவியல் மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கியல் விகிதங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. இயக்க இலாப விகிதத்தைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், என் காலேஜ் படிப்புக்காக அப்பா ஒரு ஃபண்டில் பணம் போட்டிருந்தார். மார்க்கெட் இறங்கியதில் அது குறைந்துவிட்டது. ஆனால் அந்த ஃபண்டை நடத்துகிற கம்பெனிக்கு அதே வருஷம் இலாபம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு நஷ்டம், அவர்களுக்கு மட்டும் இலாபம். அது எப்படி டீச்சர்?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. அன்று மணி அடித்துவிட்டபடியால் பதிலை முழுமையாகச் சொல்ல இயலவில்லை. இதே ஐயம் நம் பெற்றோர் பலருக்கும் இருக்கும் என்பதால், அந்தப் பதிலை ஆண்டு மலரில் எழுதலாயிற்று.

1. கம்பெனியின் தொழில் என்ன?

நம் ஊர்ப் பக்கத்து நெல் அரைக்கும் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மில்லின் முற்றத்தில் நூறு மூட்டை நெல் அடுக்கியிருக்கிறது. அத்தனையும் மில்காரருடைய சொத்தா? இல்லை. நெல் உழவருடையது. அரைத்து வரும் அரிசியும் உழவருடையதே. மில்காரருக்குச் சேருவது அரவைக் கூலி ஒன்றுதான். அந்தக் கூலியிலிருந்து ஆட்களுக்குச் சம்பளம், கரண்டு பில், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது மில்லின் இலாபம்.

முதலீட்டு நிர்வாகக் கம்பெனியின் தொழிலும் இத்தகையதே. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிறுகச் சிறுகத் தரும் பணத்தை ஒரு பொது நிதியாகத் திரட்டி, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் அக்கம்பெனி முதலீடு செய்கிறது. அந்த நிதியைத்தான் பரஸ்பர நிதி என்கிறோம். நிதியின் சொத்து முழுவதும் பணம் போட்டவர்களுடையது; இலாபமும் நட்டமும் அவர்களையே சாரும். கம்பெனிக்கு உரியது நிர்வாகக் கூலி மட்டுமே.

மில்லுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அரவைக் கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கப்படும். நெல்லின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி மாறாது. நிர்வாகக் கூலியோ நிதியின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. சந்தை ஏறினால் கூலி தானே கூடும். இறங்கினால் தானே குறையும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு இதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

மற்றொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். இந்தக் கூலிக்கு யாரும் நம் வீட்டுக்கு ரசீது அனுப்புவதில்லை. நிதியின் சொத்திலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்ட பின்னரே அன்றைய யூனிட் மதிப்பை வெளியிடுகிறார்கள். கையிலிருந்து எண்ணிக் கொடுக்காத கூலி நம் கண்ணில் படுவதில்லை.

2. வளர்ந்த வரலாறு

இவ்வகை நிதிகளில் எவரும் எப்போது வேண்டுமானாலும் சேர்ந்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற அமைப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1924-ஆம் ஆண்டு தொடங்கிய மாசசூசெட்ஸ் இன்வெஸ்டர்ஸ் டிரஸ்டோடு பிறந்தது.

நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அமைக்கப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1964-ல் யு.எஸ். 64 என்ற முதல் திட்டம் ஒரு யூனிட் 10 ரூபாய் என்ற மதிப்பில் வெளிவந்தது. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வூதியர்கள் என நடுத்தரக் குடும்பத்தினர் பலர் அதில் சேமித்தனர்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. நிதியின் உண்மையான சொத்து மதிப்பை நாள்தோறும் கணக்கிட்டு விலை சொல்லாமல், நிறுவனமே ஒரு விலையை அறிவித்து வந்தது. அறிவித்த விலைக்கும் உண்மையான மதிப்புக்கும் இடையே பள்ளம் விழுந்தது. 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதும் திரும்ப வாங்குவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. மகளின் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட கலக்கம் கொஞ்சமல்ல. பின்னர் 2002-ல் பழைய சட்டம் நீக்கப்பட்டு, 2003-ல் அந்த நிறுவனம் இரு கூறாகப் பிரிக்கப்பட்டது.

இதற்கிடையில் 1987-ல் ஸ்டேட் வங்கியும், 1993-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்தாரி பயனியரும் பரஸ்பர நிதி தொடங்கின. தனியார் துறையில் முதலாவது கோத்தாரி பயனியரே. இத்துறைக்கு செபி என்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 1993-லும் 1996-லும் விதிகள் வகுத்தது. அவற்றின் சாரம் இது: பணம் போட்டவர்களின் நலனைக் காக்க அறங்காவலர்கள் தனியாக இருக்க வேண்டும், நிதியை நிர்வகிக்கும் கம்பெனி தனியாக இருக்க வேண்டும், நிதியின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது.

இரண்டு கணக்கும் தனித்தனி என்பதே நம் மாணவியின் கேள்விக்கு முதற்பதில். அவள் அப்பாவின் நட்டம் நிதியின் கணக்கில் இருக்கிறது. பேப்பரில் வந்த இலாபம் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது.

3. ஒரு கற்பனைக் கம்பெனி

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கீழ்க்காணும் எண்கள் பாடத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு கம்பெனி ஆண்டுத் தொடக்கத்தில் 9,000 கோடி ரூபாய் நிதியை நிர்வகித்தது. அவ்வாண்டில் மக்கள் புதிதாகப் போட்ட பணம் 1,800 கோடி. திரும்ப எடுத்துக்கொண்டது 1,000 கோடி. சந்தை ஏறியதால் கூடிய மதிப்பு 1,200 கோடி. ஆகவே ஆண்டு இறுதியில் நிதி 11,000 கோடி.

இந்த 2,000 கோடி வளர்ச்சியில் 800 கோடி மட்டுமே மக்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து சேர்த்தது. மீதி 1,200 கோடி சந்தை கொடுத்தது. சந்தை கொடுத்ததைச் சந்தையே மறு ஆண்டு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆதலால் ஒரு கம்பெனியின் நிதி வளர்ந்தது என்று கேள்விப்பட்டால், "வந்த பணத்தாலா, ஏறிய விலையாலா?" என்று கேட்கப் பழகுங்கள்.

கூலியைக் கணக்கிட ஆண்டு இறுதி எண்ணை எடுத்தல் தவறு. கூலி நாள்தோறும் கழிக்கப்படுவதால் ஆண்டு முழுவதற்குமான சராசரி நிதியையே எடுக்க வேண்டும். இங்கே அது 10,000 கோடி என்று கொள்வோம். எல்லா வகை நிதிக்கும் ஒரே கூலி கிடையாது. பங்குகளை ஆராய்ந்து வாங்கி விற்பதற்குக் கூலி அதிகம். சில நாட்களுக்குப் பணத்தைப் பத்திரமாக நிறுத்திவைக்கும் திட்டத்துக்குக் கூலி மிகவும் குறைவு. நம் கம்பெனியின் கூலி வருமாறு:

பங்குத் திட்டங்கள் 5,000 கோடிக்கு 1 சதவீதம்: 50 கோடி.
கடன் பத்திரத் திட்டங்கள் 3,000 கோடிக்கு 0.25 சதவீதம்: 7.5 கோடி.
குறுகிய காலத் திட்டங்கள் 2,000 கோடிக்கு 0.125 சதவீதம்: 2.5 கோடி.
மொத்தக் கூலி: 60 கோடி ரூபாய்.

நூற்றுக்கு 60 காசு வருவாய். இப்போது மக்கள் அஞ்சிப்போய் 1,000 கோடியைப் பங்குத் திட்டத்திலிருந்து எடுத்து அதே கம்பெனியின் குறுகிய காலத் திட்டத்தில் போட்டுவிட்டதாகக் கொள்ளுங்கள். மொத்த நிதி 10,000 கோடியாகவே நிற்கும். ஆனால் கூலி 51.25 கோடியாக இறங்கிவிடும். நிதியின் அளவு ஒன்றை மட்டும் பார்த்துக் கம்பெனியை எடைபோடக் கூடாது என்பதற்கு இது சான்று.

4. இயக்க இலாபம்

இந்த ஆண்டு கம்பெனியின் செலவுகள்: ஊழியர் சம்பளம் 14 கோடி, அலுவலக வாடகை, கம்ப்யூட்டர் முதலியன 6 கோடி, விளம்பரமும் பயணமும் 3 கோடி, கட்டணங்களும் பிறவும் 1 கோடி, தேய்மானம் 2 கோடி. ஆக 26 கோடி.

60 கோடி கூலியில் 26 கோடி செலவு போக மீதி 34 கோடி. இதுவே இயக்க இலாபம், அதாவது தொழிலை நடத்தியதால் மட்டும் கிடைத்த இலாபம்.

இதை இரண்டு விதமாக அளக்கலாம்.

முதலாவது, வருவாயோடு ஒப்பிடுதல். 34-ஐ 60-ஆல் வகுத்தால் 56.67 சதவீதம். கம்பெனிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாய்க் கூலியிலும் ஏறக்குறைய 57 காசு இலாபமாக நிற்கிறது. நம் பாடநூலில் உள்ள இயக்க இலாப விகிதம் இதுதான்.

இரண்டாவது, நிர்வகிக்கும் நிதியோடு ஒப்பிடுதல். 34 கோடியைச் சராசரி நிதி 10,000 கோடியால் வகுத்தால் 0.34 சதவீதம். அதாவது மக்களின் ஒவ்வொரு நூறு ரூபாயிலிருந்தும் கம்பெனியின் முதலாளிகளுக்கு 34 காசு சேருகிறது. கம்பெனியின் பங்கை வாங்க நினைப்பவர் முதல் அளவையைப் பார்ப்பார். அதன் நிதியில் பணம் போட்டவர் இரண்டாவதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

5. மூன்று எச்சரிக்கைகள்

முதல் எச்சரிக்கை: இதர வருமானத்தைச் சேர்க்காதீர்கள். நம் கம்பெனியிடம் பங்குதாரர்கள் போட்ட மூலதனமும் பழைய இலாபமுமாக 200 கோடி சொந்தப் பணம் இருக்கிறது. சந்தை ஏறிய ஆண்டில் அது 20 கோடி ஈட்டிக் கொடுத்தது. வரிக்கு முந்திய இலாபம் 34-உம் 20-உம் சேர்ந்து 54 கோடி. இந்த 54-ஐ 60-ஆல் வகுத்து, 90 சதவீத இலாபம் ஈட்டும் தொழில் என்று ஒருவர் சொல்வாரானால் அது பிழை. மில்காரர் தம் வீட்டு மாடியை வாடகைக்கு விட்ட பணத்தை அரவை இலாபத்தோடு சேர்த்துச் சொல்வதற்கு அது ஒப்பாகும். ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் இது தனி வரியில் இருக்கும். சில கம்பெனிகள் மொத்த வருவாய்க்குள்ளேயே சேர்த்துக் காட்டுவதும் உண்டு. ஆகவே கணக்கின் அடியில் உள்ள குறிப்புகளையும் படித்தாக வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை: கைமாறிப் போகும் பணத்தைக் கவனியுங்கள். நிதியில் ஆள் சேர்த்த முகவருக்குக் கமிஷன் உண்டு. சில நாடுகளில் இக்கமிஷன் கம்பெனியின் கையில் வந்து, அப்படியே முகவருக்குப் போகும். நம் கம்பெனிக்கு அவ்வாறு 40 கோடி வந்து, 40 கோடியும் வெளியே போனதாகக் கொண்டால் வருவாய் 100 கோடி, இயக்க இலாபம் அதே 34 கோடி, விகிதம் 34 சதவீதம். கமிஷனை ஒதுக்கிவிட்டால் 56.67 சதவீதம். ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, இரண்டு விகிதம்! இந்தியாவில் 2018 அக்டோபரில் செபி பிறப்பித்த உத்தரவின்படி கமிஷன் நிதித் திட்டத்திலிருந்தே நேராகத் தரப்பட வேண்டும். ஆதலால் அதற்கு முந்திய ஆண்டுக் கணக்கையும் பிந்திய ஆண்டுக் கணக்கையும், அல்லது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியையும் நம் நாட்டுக் கம்பெனியையும், அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முறையாகாது.

மூன்றாவது எச்சரிக்கை: ஓராண்டு விகிதத்தைக் கண்டு மயங்காதீர்கள். மறு ஆண்டு சந்தை சரிந்து சராசரி நிதி 8,000 கோடியாகிவிட்டது என்போம். கூலி நூற்றுக்கு அதே 60 காசு வீதம் 48 கோடி. செலவு குறைந்ததா? சந்தை இறங்கியதற்காக வாடகை இறங்காது. சம்பளத்தையும் உடனே குறைக்க முடியாது. செலவு 27 கோடி. இயக்க இலாபம் 21 கோடி, விகிதம் 43.75 சதவீதம். நூற்றுக்கு 34 காசாக இருந்தது 26 காசாகிவிட்டது. சொந்தப் பணத்திலும் 6 கோடி நட்டம் என்றால் வரிக்கு முந்திய இலாபம் 15 கோடி மட்டுமே.

கூலி குறைந்தது 20 சதவீதம். இயக்க இலாபம் குறைந்ததோ 38 சதவீதம். வரிக்கு முந்திய இலாபம் குறைந்தது 72 சதவீதம்! விளைச்சல் இல்லாத ஆண்டிலும் மில்லின் வாடகையும் ஆள் சம்பளமும் நிற்பதில்லை அல்லவா? நிலையான செலவு அதிகமுள்ள எந்தத் தொழிலிலும் இப்படித்தான் நிகழும். நல்ல ஆண்டில் இலாபம் துள்ளி ஏறும். கெட்ட ஆண்டில் அதே வேகத்தில் இறங்கும். ஆகவே ஓர் ஏற்றத்தையும் ஓர் இறக்கத்தையும் உள்ளடக்கிய பல ஆண்டுகளின் விகிதத்தை வரிசையாக எழுதிப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

6. கேள்விக்குப் பதில்

இப்போது நம் மாணவியின் கேள்விக்கு எண்களாலேயே பதில் சொல்லலாம். சந்தை இறங்கியபோது கம்பெனியின் வருவாயும் இறங்கத்தான் செய்தது. ஆனால் அது நட்டமடைய வேண்டுமானால் கூலி செலவுக்குக் கீழே போக வேண்டும். 27 கோடி செலவை ஈடுகட்ட, நூற்றுக்கு 60 காசு வீதம், 4,500 கோடி ரூபாய் நிதி இருந்தால் போதும். சராசரி நிதி 10,000 கோடியிலிருந்து 4,500 கோடியாகச் சரிந்த பிறகுதான் இந்தத் தொழில் நட்டத்தைத் தொடும். அதற்குள் பணம் போட்டவர்களின் சேமிப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பணம் போட்டவர் முதல் ரூபாயிலிருந்தே நட்டத்தைச் சுமக்கிறார்; கம்பெனிக்கு நட்டம் வெகு தூரத்தில் இருக்கிறது. அவள் அப்பாவுக்கு நட்டமும் கம்பெனிக்கு இலாபமும் ஒரே ஆண்டில் வந்ததன் காரணம் இதுவே.

இதில் மோசடி எதுவும் இல்லை. உழைத்தவருக்குக் கூலி நியாயம். ஆராய்ச்சி செய்கிறார்கள், கணக்கு வைக்கிறார்கள், கேட்ட நாளில் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்பது சிறிய விஷயமும் அன்று.

ஒரு இலட்சம் ரூபாய் 20 ஆண்டுகள் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். செலவே இல்லையென்றால் அது ஏறத்தாழ 6 இலட்சத்து 73 ஆயிரமாகும். ஆண்டுக்கு 1 சதவீதம் செலவாகி 9 சதவீதம் வளர்ந்தால் 5 இலட்சத்து 60 ஆயிரம். 2 சதவீதம் செலவாகி 8 சதவீதம் வளர்ந்தால் 4 இலட்சத்து 66 ஆயிரம். ஒரு சதவீதம் என்று அலட்சியமாகச் சொல்கிறோம். அது இருபது ஆண்டில் ஒரு மகளின் கல்லூரிச் செலவை விழுங்கிவிடுகிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமா? செலவுக்கும் பொருந்தும்.

7. உயர்ந்த விகிதம் எப்போது நல்லது?

ஒரு கம்பெனியின் இயக்க இலாப விகிதம் உயர்ந்திருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். செட்டாகச் செலவு செய்து உயர்ந்திருக்கலாம். நிதி பெருகி, அதே ஆட்களும் அதே அலுவலகமும் இருமடங்கு பணத்தைப் பார்த்துக்கொள்வதால் உயர்ந்திருக்கலாம். இவை நல்ல காரணங்கள். ஆனால் தேவைக்கு மேல் கூலி வாங்குவதாலும் உயரலாம். ஆராய்ச்சிக்கும் கணக்குப் பாதுகாப்புக்கும் செய்ய வேண்டிய செலவைக் குறைத்துவிட்டதாலும் உயரலாம். விகிதம் ஓர் எண்ணைத்தான் சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

நிதி பெருகுவதால் வரும் நன்மையைப் பணம் போட்டவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் செபி 2018-ல் ஒரு படிவரிசையை வகுத்தது. அதன்படி ஒரு பங்குத் திட்டத்தின் முதல் 500 கோடிக்கு மொத்தச் செலவு 2.25 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்றிருந்தது. நிதி பெருகப் பெருக இது படிப்படியாக இறங்கி, 50,000 கோடிக்கு மேற்பட்ட பகுதிக்கு 1.05 சதவீதமாக முடிந்தது. 2019 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. இத்தகைய அளவுகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவன. பணம் போடும் நாளில் உள்ள விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முகவர் இல்லாமல் நேரடியாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த செலவில் தனித் திட்டம் தர வேண்டும் என்பதும் 2013 ஜனவரி முதல் விதியாயிற்று.

இலாப விகிதத்தையே ஒதுக்கிவைத்த ஒரு கம்பெனியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் போகிள் என்பவர் 1975-ல் வான்கார்டு என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு வெளியிலிருந்து முதலாளிகள் கிடையாது. அது நிர்வகிக்கும் நிதிகளே அதன் சொந்தக்காரர்கள். அதாவது பணம் போட்ட மக்களே முதலாளிகள். செலவு போக மீதி என்று ஒன்றை எடுத்து வைக்காமல், அந்த அளவுக்குக் கூலியையே குறைத்துவிட்டார்கள். 1976-ல் அவர் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு நிதியைப் பொதுமக்களுக்குத் தந்தபோது, 15 கோடி டாலர் எதிர்பார்த்த இடத்தில் 1 கோடியே 13 இலட்சம் டாலரே சேர்ந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதைப் போகிளின் பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்தார்கள். 2019-ல் அவர் இறந்தபோது வான்கார்டு உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிர்வாகக் கம்பெனிகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தது.

எல்லாக் கம்பெனியும் அப்படி நடக்க முடியாது. நடக்க வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. மூலதனம் போட்டுத் தொழில் நடத்துகிறவர் இலாபம் காண்பது முறையே. ஆனால் நூற்றுக்கு 34 காசு என்பது இயற்கை விதித்த அளவு அன்று, மனிதர்கள் முடிவு செய்த அளவு என்பதை வான்கார்டு காட்டுகிறது. மனிதர் முடிவு செய்ததை மனிதர் கேள்வி கேட்கலாம்.

8. கணக்கை ஒப்புவித்தல்

மறைக்கல்வி வகுப்பில் தாலந்து உவமையைப் படித்திருக்கிறீர்கள். தலைவர் பயணம் போகுமுன் ஊழியர்களிடம் தம் உடைமைகளை ஒப்படைத்தார். திரும்பி வந்து கணக்குக் கேட்டார். உழைத்துப் பெருக்கியவர்களைப் பாராட்டினார். மண்ணில் புதைத்து வைத்தவனைக் கடிந்துகொண்டார். அந்தத் தாலந்துகள் ஊழியர்களுடையவை அல்ல என்பதை நாம் பல வேளை மறந்துவிடுகிறோம். தாலந்து தலைவருடையது, கணக்கு ஊழியருடையது.

இந்தத் தொழிலில் தலைவர் யார்? மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய அப்பா. சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்த அம்மா. ஓய்வூதியப் பணத்தை நம்பிக் கொடுத்த தாத்தா. கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கேட்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

2017-லிருந்து நம் நாட்டின் முதலீட்டு நிர்வாகக் கம்பெனிகள் சில தங்கள் பங்குகளைச் சந்தையில் விற்கத் தொடங்கின. எச்.டி.எப்.சி. கம்பெனி 2018-லும் யு.டி.ஐ. கம்பெனி 2020-லும் அவ்வாறு வந்தன. ஆகவே அவற்றின் ஆண்டறிக்கைகளை இன்று எவரும் எடுத்துப் படிக்கலாம். இந்தக் கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் அறிக்கையை எடுத்து, சராசரி நிதி, கூலி, செலவு, இதர வருமானம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறகு வீட்டில் பணம் போட்டிருக்கும் திட்டத்தின் செலவு விகிதம் என்ன என்று அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்ட மாணவி அதைச் செய்துவிட்டு வந்தாள். "நூற்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டேன் டீச்சர். இத்தனை வருஷமாக அப்பாவுக்கே அது தெரியாதாம்" என்றாள்.

பயிற்சி

ஒரு கம்பெனியின் சராசரி நிதி 5,000 கோடி ரூபாய். கூலி 0.50 சதவீதம். இயக்கச் செலவு 15 கோடி. சொந்த முதலீட்டில் கிடைத்த வருமானம் 8 கோடி.

(அ) இயக்க இலாபம் எவ்வளவு?
(ஆ) இயக்க இலாப விகிதம் என்ன?
(இ) நிதியின் ஒவ்வொரு நூறு ரூபாயிலிருந்தும் கிடைக்கும் இயக்க இலாபம் எவ்வளவு?
(ஈ) வரிக்கு முந்திய இலாபம் எவ்வளவு?
(உ) செலவு மாறாதிருந்தால், சராசரி நிதி எவ்வளவாகக் குறையும்போது இயக்க இலாபம் இல்லாமற்போகும்?

விடைகள்: (அ) 10 கோடி. (ஆ) 40 சதவீதம். (இ) 20 காசு. (ஈ) 18 கோடி. (உ) 3,000 கோடி.